தம்மம் (அசோகரின் ஆட்சிக் கொள்கை)

மௌரியப் பேரரசர் அசோகர் (கி.மு. 3ஆம் நூற்றாண்டு) தம் ஆணைகளையும் அறப்பணிகளையும் ஒரே நெறியில் கோத்த கொள்கை. 'தர்மம்' என்பதன் பிராகிருத வடிவமே தம்மம். இது பௌத்த சமயத்தைக் குறித்ததன்று. எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான நல்லொழுக்கத்தையே குறித்தது. 1958இல் ஆப்கானிஸ்தானின் காந்தகாரில் கிடைத்த இருமொழிக் கல்வெட்டின் கிரேக்கப் பகுதி இதனை 'யூசெபெயா' (பயபக்தி) என்கிறது.

கல்வெட்டுகள்: இவை பெரும்பாறை, சிறுபாறை, தூண், சிறுதூண், குகைக் கல்வெட்டுகள் என வகுக்கப்படும். பெரும்பாறை ஆணைகள் 14. தூண் ஆணைகள் 7. ஏழாம் தூண் ஆணை தில்லி-தோப்ராத் தூணில் மட்டுமே உள்ளது. மொழி பெரும்பாலும் பிராகிருதம். எழுத்து பிராமி, வடமேற்கில் கரோஷ்டி. பிராமியை 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் படித்தறிந்தார். பல கல்வெட்டுகளில் மன்னர் 'தேவானாம்பிய பியதசி' எனப்படுகிறார். 1915இல் கண்டறியப்பட்ட மஸ்கிக் கல்வெட்டு அவர் அசோகரே என்பதை உறுதிசெய்தது.

தோற்றம்: முடிசூடிய எட்டாம் ஆண்டில் நடந்த கலிங்கப் போரே இக்கொள்கைக்குக் காரணம். அப்போரில் ஒரு லட்சம் பேர் மாண்டனர், ஒன்றரை லட்சம் பேர் நாடுகடத்தப்பட்டனர் என்று 13ஆம் பாறை ஆணை வருந்துகிறது. ஆனால் கலிங்க நாட்டுத் தௌலியிலும் ஜௌகடாவிலும் அந்த ஆணை பொறிக்கப்படவில்லை. அங்கே அதிகாரிகள் நீதி வழுவாதிருக்க வேண்டுமெனத் தனி ஆணைகள் இடம்பெற்றன.

செயல்முறை: அரண்மனை மடைப்பள்ளியில் நாள்தோறும் கொல்லப்பட்ட உயிர்கள் இரண்டு மயில், ஒரு மான் எனக் குறைந்தன; மானும் எந்நாளும் இல்லை. மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம், வழியோர மரங்கள், கிணறுகள், மரண தண்டனை பெற்றோருக்கு மூன்று நாள் அவகாசம், பிற சமயத்தைப் பழிக்காமை ஆகிய அனைத்தும் தம்மத்தின் பெயராலேயே விதிக்கப்பட்டன. யுக்தர், ராஜுகர், பிரதேசிகர் ஆகிய அதிகாரிகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சுற்றுப்பயணம் சென்றனர். வழக்கமான அலுவலோடு தம்மத்தையும் போதித்தனர். முடிசூடிய பதின்மூன்றாம் ஆண்டில் தம்ம மகாமாத்திரர் என்னும் புதிய பதவி ஏற்பட்டது. இவ்வாறு சமையலறை முதல் சிறைச்சாலை வரை ஒரே சொல் ஆட்சி செய்தது.

தமிழகத் தொடர்பு: மருத்துவ ஏற்பாடு சென்ற எல்லைப்புற நாடுகளாகச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணி (இலங்கை) ஆகியவற்றை 2ஆம் பாறை ஆணை கூறுகிறது. சத்தியபுத்திரர் அதியமான் மரபினரே என்பதைத் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்-பிராமிக் கல்வெட்டு தெளிவாக்கியது.

இக்காலம்: அசோகரின் சாரநாத் தூணின் சிங்கத் தலைப்பு 1950 ஜனவரி 26 முதல் இந்திய அரசின் சின்னமாக உள்ளது.