நோயாளியின் அருகே நின்ற ஆடவர்

"செவிலி" என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் ஒரு பெண்ணின் உருவமே தோன்றுகிறது. சங்க நூல்களிலேயே தலைவியை வளர்த்தவளைச் செவிலித்தாய் என்று அழைத்தனர். ஆகவே ஓர் ஆடவர் இப்பணிக்கு வரும்போது "ஆண்" என்னும் அடைமொழியை முன்னே ஒட்டவைத்து "ஆண் செவிலியர்" என்கிறோம். மருத்துவமனையில் பெண்களைச் "சிஸ்டர்" என்றும் ஆண்களைப் "பிரதர்" என்றும் அழைப்பது வழக்கம். வீட்டுக்கு வரும் உறவினரோ, "தம்பி கம்பவுண்டரா, வார்டு பாயா?" என்று கேட்டுவிடுகிறார். மூன்றாண்டு டிப்ளமோவோ நான்காண்டுப் பட்டமோ முடித்து, பதிவும் பெற்ற ஒருவரைப் பார்த்துக் கேட்கும் கேள்வி இது!

நம் காவிரிக் கரை ஊர்களில், மகன் நர்சிங் படிக்கப் போகிறேன் என்றால் பெற்றோர் தயங்குகின்றனர். "பொம்பளைப் பிள்ளைகள் படிப்பு உனக்கு எதற்கு? நாளைக்கு உனக்குப் பெண் கொடுப்பார்களா?" என்பதே அவர்கள் கவலை. இத்தயக்கத்திற்கு வரலாற்றில் ஆதாரம் உண்டா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சோழர் காலத்து ஆதுலர் சாலை

திருவள்ளுவர் "மருந்து" என்னும் அதிகாரத்தை முடிக்கையில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து கவனிப்பவரையும் ஒரு கூறாக வைக்கிறார். அந்த நான்காமவருக்கு அவர் தந்த பெயர் ஆண்பாற் சொல்லாகும். அது இருபாலரையும் பொதுவாகக் குறிக்கும் என்று கொண்டாலும், ஆணை விலக்கவில்லை என்பது தெளிவு.

கல்வெட்டுகளும் சான்று பகர்கின்றன. நமக்கு அண்மையிலுள்ள தஞ்சையில், இராசராசனின் தமக்கை குந்தவை தம் தந்தை சுந்தர சோழர் பெயரால் அமைந்த ஆதுலர் சாலைக்கு, அதாவது மருத்துவமனைக்கு, கொடை அளித்தார். பாலாற்றங்கரையிலுள்ள திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயங்கிய 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையை விவரிக்கிறது. அங்கே மருத்துவரும் அறுவை மருத்துவரும் இருந்தனர். மருந்து காய்ச்சிக் கொடுக்கப் பெண்களும், மூலிகையும் விறகும் கொணர ஆட்களும், நாவிதர் ஒருவரும் நியமிக்கப்பட்டிருந்தனர். நோயாளரைப் பேணும் வேலையை அன்று ஆணும் பெண்ணுமாகவே பகிர்ந்து செய்தனர்.

முரடராயிருந்த புனிதர்

நம் திருச்சபையின் வரலாற்றைப் பார்த்தால் வியப்பு மேலிடுகிறது. நோயாளருக்குப் பாதுகாவலர்களாக நாம் வணங்கும் இருவரும் ஆடவரே. ஒருவர் போர்ச்சுகலில் பிறந்த இறை யோவான் (1495–1550). கிரானடா நகரில் புத்தக வியாபாரியாயிருந்த இவர், பித்தர் என்று கருதப்பட்டு மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். அங்கு நோயாளிகள் அடிபடுவதைக் கண்ணால் கண்டார். வெளியே வந்ததும், ஏழை நோயாளருக்காகத் தாமே ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார்.

மற்றவர் இத்தாலியரான புனித கமில்லுஸ் (1550–1614). போர்வீரர், சூதாட்டக்காரர், முன்கோபி. காலில் ஆறாத புண்ணோடு உரோமைப் புனித யாகப்பர் மருத்துவமனைக்கு வந்தவர், வேலையைக் கவனிக்காமல் சூதாடிச் சண்டையிட்டதால் வெளியேற்றப்பட்டார். 1575ல் மனம் திரும்பிய பின் அதே மருத்துவமனைக்கு ஊழியராக வந்தார். கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள் நோயாளிகளைக் கைவிடும் கொடுமையைக் கண்டு, தாய் தன் ஒரே பிள்ளையைக் கவனிப்பதுபோல் நோயாளியைக் கவனிக்கும் ஆண்களின் கூட்டம் ஒன்றைச் சேர்த்தார். 1586ல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் அதை அங்கீகரித்தார். அவர்கள் உடையில் அணிந்த அடையாளம் செஞ்சிலுவை! 1863ல் ஜெனீவாவில் செஞ்சிலுவை இயக்கம் தோன்றுவதற்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே, இவர்கள் போர்க்களத்துக்குச் சென்று காயமுற்றோரைப் பேணினர். 1930ல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் இவ்விரு புனிதர்களையும் செவிலியரின் பாதுகாவலர்களாக அறிவித்தார்.

தென்னாப்பிரிக்காவில் தமிழர்

1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழர் பலர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றனர். டர்பனில் டாக்டர் பூத் நடத்திய சிறு தரும மருத்துவமனையில் காந்தியடிகள் நாள்தோறும் காலையில் கம்பவுண்டர் வேலை செய்தார். அங்கு வந்த நோயாளிகளில் பலர் ஒப்பந்தத் தமிழரும் தெலுங்கருமே. போயர் யுத்தம் 1899ல் மூண்டபோது ஏறத்தாழ 1,100 இந்தியர் கொண்ட ஆம்புலன்சுப் படை திரண்டது. அதில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர். காயமுற்றோரைத் தூக்குப் படுக்கையில் சுமந்து நாளொன்றுக்கு 20, 25 மைல் நடந்தனர். 1904ல் ஜோகானஸ்பர்க்கில் பிளேக் நோய் பரவியபோது, காந்தியடிகளும் அவர் அலுவலக இளைஞர் நால்வரும் காலியாகக் கிடந்த ஒரு வீட்டில் 23 நோயாளிகளைக் கண்விழித்துப் பார்த்துக்கொண்டனர். கரும்புத் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்த கைகளும் பேனா பிடித்த கைகளும் அன்று இந்த வேலையைத் தாழ்வாக எண்ணவில்லை.

வழி எப்போது அடைபட்டது?

அப்படியானால் இது பெண்களின் தொழில் என்ற எண்ணம் எப்போது வேரூன்றியது? புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1860ல் லண்டனில் தொடங்கிய பயிற்சிப் பள்ளி பெண்களுக்கானது. வீட்டைவிட்டு வெளியே மதிப்பான வேலை கிடைக்காத பெண்களுக்கு அது ஒரு பெரிய வாசலைத் திறந்துவிட்டது. அந்நன்மையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதே வேளையில் ஆண்கள் அவ்வாசலுக்கு வெளியே நின்றனர். இங்கிலாந்தில் 1919ஆம் ஆண்டுச் சட்டம் ஆண் செவிலியரைத் தனிப் பட்டியலில் வைத்தது. 1949ல்தான் அவர்கள் பொதுப் பட்டியலில் சேர்ந்தனர். அந்நாட்டின் ராயல் நர்சிங் கல்லூரி எனப்படும் சங்கம் ஆண்களை உறுப்பினராக ஏற்றது 1960ல்.

ஆங்கிலேயர் வழியில் நடந்த நம் நாட்டிலும் இதே கதைதான். 1926ல் சென்னை மாகாணத்திற்குச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் வந்தது. செவிலியமும் பிரசவம் பார்ப்பதும் ஒரே பதிவில் இணைந்திருந்தன. பழைய பாடத்திட்டத்தில் ஆண் மாணவருக்குப் பிரசவப் பயிற்சிக்குப் பதிலாக வேறு பயிற்சி தரப்பட்டது. வேலைக்கு விண்ணப்பிக்கையில் இந்த வேறுபாடே ஒரு தடையாக நின்றதும் உண்டு.

இராணுவத்தில் இதைவிட விசித்திரம். காயமுற்ற சிப்பாய்க்குக் கட்டுப்போடும் நர்சிங் உதவியாளர் ஆணாக இருக்கலாம். ஆனால் 1943ஆம் ஆண்டு அவசரச் சட்டப்படி, நர்சிங் அதிகாரியாகப் பெண் மட்டுமே நியமனம் பெறலாம். 80 ஆண்டுகள் கழித்து, 2024ல் கர்நாடக உயர்நீதிமன்றம் இவ்விதி அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. மறுபுறம், எய்ம்ஸ் மருத்துவமனைகளின் செவிலியர் நியமனத்தில் 100க்கு 80 இடம் பெண்களுக்கு என்று 2019ல் முடிவாயிற்று. நெடுங்காலம் பெண்கள் தாங்கிவந்த தொழிலில் அவர்கள் இடம் குறையக்கூடாது என்பது ஒரு நியாயம். தகுதி பெற்ற ஆணுக்கு வழி வேண்டும் என்பது மற்றொரு நியாயம். இரண்டையும் நாம் மதிக்கவேண்டும்.

நோயாளி கேட்பது என்ன?

வார்டில் ஆண் செவிலியர் படும் சிரமம் வேறு வகை. பாரம் தூக்க வேண்டுமா, குடித்துவிட்டுக் கலாட்டா செய்பவரை அடக்க வேண்டுமா, "பிரதரைக் கூப்பிடு" என்கிறார்கள். ஊசிமருந்தின் அளவும் நாடித்துடிப்பின் மாற்றமும் அறிந்தவர் என்பது அப்போது மறந்துபோகிறது. பெண் நோயாளியிடம் செல்கையில் உடன் ஒரு பெண் ஊழியர் இருக்கவேண்டும் என்ற முறையை அவர் கண்ணியத்தோடு காக்கிறார். சந்தேகப் பார்வையையும் பொறுத்துக்கொள்கிறார்.

ஆனால் வயலில் உழைத்து ஓய்ந்து, பக்கவாதத்தில் விழுந்த ஒரு முதியவரை எண்ணிப் பாருங்கள். சிறுநீர்க் குழாய் மாற்றவும் உடம்பு துடைக்கவும் ஒரு பெண்ணை அனுமதிக்க அவர் மனம் கூசுகிறது. மகனைப் போன்ற ஒருவர் வந்து, புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் புண் வராமல் பார்த்துக்கொண்டால் அவர் மானமும் காக்கப்படுகிறது, உயிரும் காக்கப்படுகிறது. இதை வெறும் வலிமை செய்யாது. பயிற்சியும் பொறுமையும் வேண்டும்.

ஆகவே பெற்றோரே, உங்கள் மகன் இப்படிப்பை விரும்பினால் தடுக்காதீர்கள். பெண் வீட்டாரே, மாப்பிள்ளை நர்சு என்றால் முகம் சுளிக்காதீர்கள். "பெண்கள் வேலை" என்ற பேச்சுக்கு நூற்றைம்பது ஆண்டு வயதுதான். நோயாளியின் அருகே ஆடவர் நின்ற வழக்கமோ அதைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது. கமில்லுஸ் தேடியது தாயன்போடு உழைக்கும் ஆண்களை. அத்தகையோர் நம் குடும்பங்களிலிருந்தும் எழட்டும்.