கிரேக்க விடுதலைப் போரும் கீழைத் திருச்சபையும்

ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தின் முகப்பில் நிற்கும் சிலைகளுள் இரண்டு நம் சிந்தனைக்குரியவை. ஒன்று, ஒட்டோமான் ஆட்சியை அகற்றிக் குடியரசு காண விழைந்து, 1798-ஆம் ஆண்டு பெல்கிரேடில் கொல்லப்பட்ட ரீகாஸ் பெரையோஸ் என்பாருடையது. மற்றொன்று, பாத்திரியார்க்கர் எனப்படும் கான்ஸ்டான்டிநோபிளின் தலைமைப் பேராயர் ஐந்தாம் கிரிகோரியினுடையது. அதே 1798-இல் ரீகாசின் அரசியல் நூலைக் கண்டித்துக் கடிதம் விடுத்தவர் இந்தக் கிரிகோரியே. கண்டித்தவரும் கண்டிக்கப்பட்டவரும் ஒரே வாயிலின் முன் தேசத் தந்தையராய் நிற்பது எங்ஙனம்? இதற்கு விடை காண, கிரேக்க விடுதலைப் போரில் திருச்சபை வகித்த நிலையை ஆராய்தல் வேண்டும்.

1453-ஆம் ஆண்டு கான்ஸ்டான்டிநோபிளைக் கைப்பற்றிய சுல்தான் இரண்டாம் மெகமது, அடுத்த ஆண்டே கென்னாதியோஸ் என்னும் அறிஞரைப் பாத்திரியார்க்கராக அமர்த்தினார். அவ்வழியில் வந்த தலைமைப் பேராயர்கள், நாளடைவில் ஆர்த்தடாக்ஸ் மக்களின் வழிபாட்டுக்கு மட்டுமன்றி, திருமணம், வாரிசுரிமை போன்ற வழக்குகளுக்கும் பொறுப்பாளராயினர். நாட்டை இழந்த ஒரு மக்கள் தம் விசுவாசத்தையும் வழிபாட்டு மொழியையும் நான்கு நூற்றாண்டுகளாகக் காத்துக்கொண்டது பெரும்பாலும் இவ்வமைப்பினாலேயே என்பதை மறுக்கவியலாது. ஆனால் உரிமையோடு பிணையும் சேர்ந்தே வந்தது. மக்களின் தலைவராக மதிக்கப்பட்டவரே அவர்களுடைய கீழ்ப்படிதலுக்கும் சுல்தானிடம் உத்தரவாதியானார். மக்கள் கிளர்ந்தெழுந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவரே.

இந்நிலைக்கு ஏற்ற ஓர் இறையியலும் உருவாயிற்று. 1798-இல் கான்ஸ்டான்டிநோபிளில், எருசலேமின் பாத்திரியார்க்கர் அந்திமோஸின் பெயரால், ‘தந்தையின் போதனை’ என்றொரு சிறுநூல் வெளியாயிற்று. மேற்கத்திய சபையின் தவறான உபதேசங்களினின்று ஆர்த்தடாக்ஸ் விசுவாசத்தைக் காக்கவே கடவுள் ஒட்டோமான் பேரரசை எழுப்பினார் என்பது அதன் வாதம். பாரிசில் வாழ்ந்த அறிஞர் கொராயிஸ் ‘சகோதரனின் போதனை’ என்னும் நூலால் அதற்கு மறுப்புரைத்தார். ஒரே மக்களிடத்தில் அடிமைத்தனம் கடவுளின் பராமரிப்பா, மானிடரின் அநீதியா என்னும் வினா இவ்வாறு நேருக்கு நேர் எழுந்தது.

1814-இல் ஒடெசாவில் வணிகர் மூவர் ‘நட்புச் சங்கம்’ என்னும் இரகசியக் கழகத்தை நிறுவினர். அதன் தலைவராகப் பின்னர் பொறுப்பேற்ற அலெக்சாந்தர் இப்சிலாந்தி 1821-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புரூத் ஆற்றைக் கடந்து கிளர்ச்சியைத் தொடங்கினார். சுல்தான் இரண்டாம் மகமூதின் நெருக்குதலுக்குள்ளான கிரிகோரியும் அவருடன் இருந்த பேராயர்களும் கிளர்ச்சியாளர்களைச் சபைக்குப் புறம்பாக்கி ஆணை பிறப்பித்தனர். தலைநகரில் வாழ்ந்த எண்ணற்ற கிரேக்கரின் உயிர் அவ்வாணையைச் சார்ந்திருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

தெற்கேயோ நிலைமை வேறாயிருந்தது. பத்ராஸின் பேராயர் கெர்மனோஸ் போராட்டத்தில் முன்நின்றார். மார்ச் 25 அன்று அகியா லாவ்ரா மடாலயத்தில் அவர் கொடியேற்றினார் என்பதை வரலாற்றாசிரியர் பலர் பின்னாளில் தோன்றிய மரபாகவே கருதுகின்றனர். எனினும் மரியாளுக்குத் தூதன் நற்செய்தி அறிவித்த அத்திருநாளே 1838 முதல் தேசிய நாளாயிற்று. சலோனாவின் பேராயர் ஏசாயா அலமானாப் போரில் மடிந்தார். குருவாகிய பாப்பாபிளெஸ்ஸாஸ் 1825-இல் மனியாகியில் படையோடு வீழ்ந்தார். ஆகவே ‘திருச்சபை எதிர்த்தது’ என்பதும் ‘திருச்சபை நடத்தியது’ என்பதும் பாதி உண்மைகளே.

சபைவிலக்கு ஆணை கிரிகோரியைக் காப்பாற்றவில்லை. பழைய நாட்காட்டியின்படி 1821 ஏப்ரல் 10, உயிர்த்தெழுந்த திருநாளன்று, அவர் தம் மாளிகை வாயிலிலேயே தூக்கிலிடப்பட்டார். மூன்று நாள் தொங்கிய உடல் கடலில் எறியப்பட்டது. கிரேக்க மாலுமி ஒருவர் அதைக் கண்டெடுக்க, ஒடெசாவில் அடக்கம் நடந்தது. 1871-இல் அவ்வுடல் ஏதென்சுக்குக் கொணரப்பட்டது. 1921-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். கிளர்ச்சியைச் சபித்தவரை, சுல்தானின் கயிறே கிளர்ச்சியின் இரத்தசாட்சியாக்கிற்று. அவ்வாயில் அன்று மூடப்பட்டது, இன்றும் திறக்கப்படவில்லை.

இரத்தசாட்சிகளைக் குறித்துப் பேசுவோர் மற்றவர் சிந்திய இரத்தத்தையும் எண்ணுதல் வேண்டும். 1822-இல் கியோஸ் தீவில் ஒட்டோமான் படையினர் பல்லாயிரவரைக் கொன்றும் அடிமைகளாக விற்றும் செய்த கொடுமை ஐரோப்பாவைக் கலக்கியது. ஆனால் அதற்கு முந்திய இலையுதிர் காலத்தில் திரிப்பொலிட்சா நகரைக் கைப்பற்றிய கிரேக்கர், அங்கிருந்த இஸ்லாமியரையும் யூதரையும், பெண்டிர் பிள்ளைகள் என்றும் பாராமல், ஆயிரக்கணக்கில் கொன்றனர். சிலுவைக் கொடியின்கீழ் நிகழ்ந்த இதனை நாம் மறைத்தல் நேர்மையாகாது.

1827-இல் பிரிட்டன், பிரான்சு, ருசியா ஆகிய மூன்றின் கப்பற்படைகள் நவாரினோவில் ஒட்டோமான், எகிப்தியக் கப்பல்களை அழித்தன. 1830-இல் இலண்டன் உடன்படிக்கை கிரேக்கத்தைத் தன்னுரிமை நாடாக ஏற்றது. விடுதலை பெற்ற நாட்டில் திருச்சபையும் விடுதலை பெற்றதோ? 1833-இல் பவேரியாவிலிருந்து வந்த கத்தோலிக்க இளவரசர் ஒட்டோ அரசரானார். அதே ஆண்டு கிரேக்கத் திருச்சபை கான்ஸ்டான்டிநோபிளினின்று பிரிக்கப்பட்டு, அவ்வரசரின் தலைமையின்கீழ் வைக்கப்பட்டது. இதனை வகுத்தவர்களுள் முதன்மையானவர் மௌரர் என்னும் புராட்டஸ்டன்டுச் சட்ட அறிஞர். ஆறு துறவியருக்குக் குறைந்த மடாலயங்கள் மூடப்பட்டு, அவற்றின் சொத்து அரசிடம் சேர்ந்தது. தாய்ச்சபை இப்பிரிவை ஏற்க 1850 வரை சென்றது.

இவ்வரலாற்றில் நாம் காண்பது யாது? கிரிகோரி கோழையுமல்லர், துரோகியுமல்லர். தம் மந்தையின் உயிருக்கு அஞ்சிய மேய்ப்பர். ஆயினும் சுல்தானின் பிணையாளியாக இருந்தமையால், அவர் கூறிய சொல்லில் எவ்வளவு மேய்ப்பருடையது, எவ்வளவு அரண்மனையினுடையது என்று அவருடைய மக்களாலேயே பிரித்தறிய இயலவில்லை. ஆட்சியாளர் அருளும் சிறப்புரிமை திருச்சபைக்குத் தரும் மிகப் பெரிய இழப்பு இதுவே. அவ்வுரிமையைத் தருபவர் சுல்தானாயினும் கிறிஸ்தவ அரசராயினும் பிணை ஒன்றே. சுல்தானின் கயிற்றைக் கண்டு கலங்கிய கிரேக்க மக்களுள் பலர், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின் அரசரின் முத்திரையை அவ்வளவாக உணரவில்லை. அது மென்மையாக விழுந்தது என்பதே காரணம்.