பாடுபட்ட சுரூபத்தின் பார்வை



திருவிழாக் கொடியேற்றத்துக்கு நாள் குறித்ததும், "பழைய சுரூபத்துக்கெல்லாம் புதுசா பெயிண்ட் அடிச்சிடலாமா, சாமி?" என்று யாராவது வந்து கேட்பது நம்மிடையே வழக்கம். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். அதற்குப் பதிலாக இன்று ஒரு பழைய சுரூபத்தின் வரலாற்றைச் சொல்கிறேன்.

1603-ஆம் ஆண்டு, ஸ்பெயின் நாட்டின் செவில் நகரம். பேராலயத்தில் தலைமைத் திருத்தொண்டர் பதவி வகித்த மத்தேயோ வாஸ்கெஸ் தெ லேகா என்பவர், ஹுவான் மார்த்தீனெஸ் மொந்தான்யேஸ் என்ற மரச்சிற்பியிடம் பாடுபட்ட சுரூபம் ஒன்று செய்யச் சொன்னார். அது எப்படி இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். ஆண்டவர் இறந்தவராக இருக்கக் கூடாது; உயிர் பிரியுமுன் உள்ள நிலையில் இருக்க வேண்டும். தலை வலப்பக்கம் சாய்ந்து, காலடியில் செபிப்பவரைப் பார்க்க வேண்டும். தாம் படும் பாடு அவருக்காகவே என்று அவரிடமே முறையிடுவது போல அந்தப் பார்வை அமைய வேண்டும்.

மொந்தான்யேஸ் அப்படியே செதுக்கினார். ஆனால் அன்றைய முறைப்படி, செதுக்குவது ஒருவர் வேலை, வண்ணம் தீட்டுவது வேறொருவர் வேலை. இந்தச் சுரூபத்துக்கு வண்ணம் தீட்டியவர் பிரான்சிஸ்கோ பச்சேக்கோ. புகழ்பெற்ற ஓவியர் வெலாஸ்கெஸின் ஆசிரியரும் மாமனாரும் இவரே.

அந்த வண்ண வேலை பொறுமையோடு செய்ய வேண்டியது. மரத்தின் மேல் முதலில் பசை. அதன்மேல் ஜிப்சமும் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சு, பல முறை. அதைத் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகே எண்ணெய் வண்ணம். புனிதர்களின் ஆடைக்கு, செம்மண் பூச்சின்மேல் தங்கத் தகடு ஒட்டி, அதன்மேல் வண்ணம் பூசி, பூ வேலை தெரியும்படி சுரண்டுவார்கள். முகத்துக்கும் உடலுக்கும் மட்டும் மினுக்கம் கூடாது என்பது பச்சேக்கோவின் கொள்கை. மனிதத் தோல் கண்ணாடிபோல் மின்னுவதில்லை. பளபளப்பு கூடினால் சிற்பி செதுக்கிய நுட்பம் கண்ணுக்குத் தெரியாது.

இப்போது நம் எனாமல் பெயிண்டை நினைத்துப் பாருங்கள். கண்ணிமையின் ஓரத்தில் தடித்த பூச்சு ஒன்று விழுந்தால் போதும், அந்தப் பார்வை போய்விடும். சுரூபம் புதிதாகத் தெரியும். ஆனால் நம்மைப் பார்க்காது.

1563-ஆம் ஆண்டு திரிதெந்துப் பொதுச்சங்கம் நமக்குக் கற்பித்தது இதுதான்: சுரூபத்துக்குள் தெய்வத்தன்மை இருப்பதாக எண்ணி நாம் வணக்கம் செலுத்துவதில்லை, அந்த வணக்கம் சுரூபம் சுட்டிக்காட்டுகிறவருக்கே போய்ச் சேருகிறது. மரம்தானே என்று அலட்சியம் செய்யவும் கூடாது. பழமையாலோ கலையாலோ பக்தியாலோ சிறந்து விளங்கும் திருவுருவங்களை, ஆயரின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றிப் பழுதுபார்க்கக் கூடாது என்கிறது திருச்சபைச் சட்டம் 1189. அனுமதி தருமுன் ஆயரும் வல்லுநர்களைக் கலந்துகொள்ள வேண்டும்.

ஆகவே பெயிண்ட் டப்பாவைத் திறக்குமுன் கொஞ்சம் பொறுப்போம். செவில் சுரூபம் இன்று அந்நகரின் பேராலயத்தில் இருக்கிறது. நானூறு ஆண்டுகளாக, முழந்தாளிடும் ஒவ்வொருவரையும் அது பார்த்துக்கொண்டிருக்கிறது. நம் ஆலயத்திலும் ஆண்டவர் சிலுவையிலிருந்து நம்மைப் பார்க்கிறார். சுரூபத்தின் வண்ணம் மங்கியதைக் கவனித்த நாம், அவருடைய பார்வைக்கு என்ன பதில் சொன்னோம்? இந்தத் திருவிழாவுக்கு முதலில் புதுப்பிக்க வேண்டியது எதுவென்று, அவர் காலடியில் சற்று நேரம் அமர்ந்து கேட்போம். ஆமென்.