வலையமைப்பில் துவங்கும் லினக்ஸ் கணினிகளில் ஸ்டீம்

வன்தட்டு இல்லாத கணினி, பிஎக்ஸ்இ முறையில் சர்வரிலிருந்து லினக்ஸை இழுத்துத் துவங்கும். 1999இல் தொடங்கிய எல்டிஎஸ்பி திட்டம் இதற்குப் பேர்பெற்றது. இத்தகைய கணினியில் உலாவி சிக்கலின்றி ஓடும். வால்வ் நிறுவனம் 2013இல் லினக்ஸுக்கு வெளியிட்ட ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலிதான் மக்கர் செய்யும்.

முதலில் சந்தேகிக்க வேண்டியது சேமிப்பிடத்தை. மூலக் கோப்பமைப்பு படிக்க மட்டுமே. எழுதுவதெல்லாம் ராமில் தங்கி, மறுதுவக்கத்தில் மறையும். பல ஜிபி விளையாட்டு அங்கே இறங்கினால் கணினி உறையும். ஸ்டீமுக்கு வேண்டிய 32 பிட் கிராபிக்ஸ் நூலகங்களையும் சர்வரின் படிமத்திலேயே நிறுவவேண்டும்.

பயனரின் வீட்டு அடைவு என்எஃப்எஸ் என்ற வலையமைப்புக் கோப்பு முறை வழி வந்தால் இன்னொரு வினோதம். நீண்டகாலம் 32 பிட் செயலியாகவே இருந்த ஸ்டீம், கோப்புகளை அடையாளம் காட்டும் ஐநோடு எண்கள் 64 பிட்டில் வந்தால் கண்ணெதிரே இருக்கும் கோப்பையும் திறக்கமுடியாமல் திணறும். டெர்மினலில் இயக்கினால் குட்டு வெளிப்படும். கர்னலின் என்எஃப்எஸ் அமைப்பில் 64 பிட் ஐநோடை அணைத்துப் பார்க்கலாம்.