ஒரு கருவும் பல உருவும்: கட்டற்ற இயங்குதளங்களின் வரலாறு

கணிப்பொறியை வாங்கி மேசைமேல் வைத்த மாத்திரத்தில் அது தானே வேலை செய்வதில்லை. விசைப்பலகை, திரை, நினைவகம், அச்சுப்பொறி ஆகிய உறுப்புகளை ஒருங்கிணைத்து வேலை வாங்குவதற்கு அடிப்படையான மென்பொருள் ஒன்று வேண்டும். அதனையே இயங்குதளம் என்பர். கைகாட்டி, தண்டவாளம், வண்டி, பணியாளர் ஆகிய அனைத்தையும் ஒழுங்கில் நிறுத்தும் நிலைய அதிகாரியைப் போன்றது அது என்றால் இரயில்வேயோடு பழகிய நமக்கு எளிதில் விளங்கும்.

கடையில் கணிப்பொறியோடு சேர்ந்து வரும் இயங்குதளங்கள் ஒன்றிரண்டே. மூலநிரல் திறந்து வைக்கப்பட்ட இயங்குதளங்களோ டெபியன், ஸ்லாக்வேர், பெடோரா, உபுண்டு, மின்ட் என நூற்றுக்கணக்கில் விரிகின்றன. "இத்தனை எதற்கு? நல்லதாக ஒன்று இருந்தால் போதாதோ?" என்று வினவுவோர் பலர். அவ்வினாவுக்குரிய விடை வரலாற்றில் உள்ளது. அதனை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

மூடப்பட்ட ஏடு

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969ஆம் ஆண்டில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை ஆக்கத் தொடங்கினர். அக்கூடம் ஏ.டி. அண்டு டி. என்னும் தொலைபேசி நிறுவனத்துக்கு உரியது. 1956இல் அரசோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி அந்நிறுவனம் தொலைத்தொடர்புக்குப் புறம்பான வாணிகத்தில் இறங்கலாகாது. ஆகவே யூனிக்ஸைச் சிறு கட்டணத்துக்கு, மூலநிரலோடு, பல்கலைக்கழகங்களுக்கு வழங்கியது. மூலநிரல் என்பது மென்பொருளை ஆக்கியோர் கைப்பட எழுதிய மூலப்பிரதி. அதனைப் படித்தால்தான் பொறிக்குள் நடப்பது என்ன என்பது புலனாகும்.

ஆஸ்திரேலியாவில் ஜான் லயன்ஸ் என்னும் ஆசிரியர், நம் முன்னோர் இலக்கண நூல்களுக்கு உரை கண்டதுபோல், யூனிக்ஸின் ஆறாம் பதிப்புக்கு விரிவான உரை எழுதி மாணாக்கர்க்குக் கற்பித்தார். 1979இல் ஏழாம் பதிப்பு வந்தபோது, மூலநிரலை வகுப்பறையில் கற்பிக்கலாகாது என்னும் தடை உரிமத்தில் புகுந்தது. லயன்ஸின் உரை நகலுக்கு நகலாகக் கைமாறி, மறைவில் படிக்கப்படும் நூலாயிற்று. 1984இல் அந்நிறுவனம் பல கூறுகளாகப் பிரிக்கப்பட்டதும் பழைய கட்டுப்பாடு நீங்கவே, யூனிக்ஸ் முழு வாணிகப் பண்டமாயிற்று. நேற்றுவரை திறந்திருந்த ஏடு, உடையவர் விருப்பப்படி இன்று மூடப்பட்டது. படித்துப் பழகியவர்களுக்கு அதில் யாதொரு வாக்கும் இல்லை.

நான்கு உரிமைகள்

இந்நிலையை மாற்ற முனைந்தவர் ரிச்சர்டு ஸ்டால்மன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் பணியாற்றிய அவர், 1983ஆம் ஆண்டு செப்டம்பரில் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். யூனிக்ஸைப் போன்று இயங்கும், ஆனால் எவருக்கும் கட்டுப்படாத, முழுமையான இயங்குதளம் ஒன்றை ஆக்குவதே அதன் நோக்கம். மென்பொருளை எந்தப் பயனுக்கும் இயக்குதல், அதனைக் கற்றுத் தம் தேவைக்கேற்பத் திருத்துதல், படியெடுத்துப் பிறர்க்கு வழங்குதல், திருத்திய வடிவத்தையும் வழங்குதல் ஆகிய நான்கும் பயன்படுத்துவோரின் உரிமைகள் என்று அவர் வகுத்தார். 1989இல் வெளிவந்த குனு பொது உரிமம் அவற்றுக்குச் சட்டக் காப்பு அளித்தது. அதன்படி, திருத்திய மென்பொருளைப் பிறர்க்கு வழங்குவோர், தாம் பெற்ற உரிமைகளை அப்படியே பெறுவோர்க்கும் அளித்தல் வேண்டும்.

பிற்காலத்துப் பன்மையெல்லாம் இவ்வுரிமைகளிலிருந்தே முளைத்தது என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

ஹெல்சிங்கி மாணவர்

கற்பிப்பதற்கு யூனிக்ஸ் கிடைக்காதபடியால், ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ தனன்பாம் 1987இல் மினிக்ஸ் என்னும் சிறு இயங்குதளத்தைத் தாமே எழுதிப் பாடநூலோடு வெளியிட்டார். மாணவர்க்கு எளிதாக இருத்தல் வேண்டும் என்று கருதி, அதனைப் பெரிதாக வளர்க்க அவர் இசையவில்லை. பிறர் செய்த திருத்தங்களைத் தனியே பரிமாறிக்கொள்ளலாமேயன்றி, திருத்திய மினிக்ஸை முழுமையாக வழங்க உரிமை இல்லை.

அதனைப் பயன்படுத்திய 21 வயது மாணவர் ஒருவர் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் அவர், தாமே ஓர் இயங்குதளம் எழுதி வருவதாக 1991ஆம் ஆண்டு ஆகஸ்டில் அறிவித்தார். அதுவே லினக்ஸ். அவர் எழுதியது இயங்குதளத்தின் கருவை மட்டுமே. அதனைச் சூழ வேண்டிய கருவிகள் பல குனு திட்டத்தில் ஆயத்தமாக இருந்தன. 1992இல் லினக்ஸும் குனு பொது உரிமத்தின்கீழ் வந்தது. கருவும் கருவிகளும் இணைந்தன.

கிளைகள் தோன்றிய வகை

இணைந்தவற்றை ஒருவர் தொகுத்துத் தந்தாலன்றிப் பொதுமக்கள் பயன்படுத்த இயலாது. அவ்வாறு தொகுத்து வழங்குவதே வழங்கல் எனப்படும். 1992இல் வந்த எஸ்.எல்.எஸ். என்னும் வழங்கலில் குறைகள் மலிந்திருந்தன. குறை கண்டவர்கள் முறையிட்டுக் காத்திருக்கவில்லை. 1993ஆம் ஆண்டிலேயே பாட்ரிக் வோல்கர்டிங் அதனைத் திருத்தி ஸ்லாக்வேரை வெளியிட்டார். இயான் மர்டாக் என்னும் மாணவர் டெபியனைத் தொடங்கினார். டெபியனுக்கு முதலாளி இல்லை. தொண்டர்கள் ஆண்டுதோறும் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். அதன் அடிப்படையில் 2004இல் உபுண்டுவும், உபுண்டுவின் அடிப்படையில் 2006இல் மின்டும் எழுந்தன.

திரையின் தோற்றத்திலும் இவ்வாறே. 1996இல் தொடங்கிய கே.டி.ஈ. என்னும் முகப்பு, அந்நாளில் முழு உரிமை தராத ஒரு நிரல் தொகுதியைச் சார்ந்திருந்தது. அதனை ஏற்காதோர் 1997இல் குனோம் என்னும் வேறொரு முகப்பைத் தொடங்கினர். இப்போட்டிக்கிடையே, 2000இல் அந்நிரல் தொகுதியும் குனு பொது உரிமத்தின்கீழ் வெளிவந்தது. 2011இல் குனோம் தன் தோற்றத்தை அடியோடு மாற்றியபோது, பழைய தோற்றத்தை விரும்பியோர் அதன் முந்திய மூலநிரலை எடுத்து மாட்டே என்னும் பெயரில் தொடர்ந்தனர். மாற்றம் வேண்டியவர் மாறினர். வேண்டாதவர் பழையதை இழக்கவில்லை.

உரிமைக்கு வந்த சோதனை

தேர்வுரிமையின் அருமை இடர் வந்தபோதே விளங்கும். சென்ட் ஓ.எஸ். என்னும் வழங்கலை நம்பி உலகெங்கும் சேவைக் கணினிகள் பல ஓடின. அதன் எட்டாம் பதிப்புக்கு 2029 வரை கிடைக்கும் எனப்பட்ட பராமரிப்பு 2021ஆம் ஆண்டோடு முடியும் என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. மூடிய மென்பொருளாயின் பயனாளர் கைபிசைந்து நிற்பதன்றி வேறு வழி இல்லை. இங்கோ மூலநிரல் கையில் இருந்தமையால், 2021ஆம் ஆண்டிலேயே ஆல்மா லினக்ஸ், ராக்கி லினக்ஸ் என இரு மாற்றுகள் வெளிவந்தன. யூனிக்ஸ் மூடப்பட்டபோது இல்லாத வழி இப்போது இருந்தது.

பன்மைக்கும் ஓர் எல்லை

குறைகளும் உண்டு. புதியவர் எதனைத் தெரிந்தெடுப்பது என்று திகைக்கிறார். ஒரே மென்பொருளைப் பலர் பலமுறை தொகுக்க உழைப்பு செலவாகிறது. தொண்டர்கள் களைத்துப் போனால் சிறு வழங்கல்கள் மறைகின்றன.

நம் இரயில்வேயின் வரலாறே இதற்கு ஒரு பாடம் கூறும். 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதையும் 1,000 மில்லிமீட்டர் மீட்டர்பாதையும் சந்தித்த இடங்களில் சரக்கை இறக்கி மீண்டும் ஏற்ற வேண்டியிருந்தது. அத்தொல்லையைப் போக்கவே 1992இல் பாதைகளை ஒருமைப்படுத்தும் திட்டம் தொடங்கிற்று. பாதை பெரும்பாலும் ஒன்றாயிற்று, வண்டிகளோ பாசஞ்சர், எக்ஸ்பிரஸ், சரக்கு எனப் பலவாகவே ஓடுகின்றன. லினக்ஸ் வழங்கல்களும் அத்தகையனவே. ஒரே கருவின்மீது ஓடுவதால் அவற்றின் பன்மை பெரும்பாலும் முட்டுக்கட்டை ஆவதில்லை. 2017 நவம்பர் முதல் உலகின் அதிவேகக் கணினிகள் 500இன் பட்டியலில் உள்ள யாவும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. நம் கைப்பேசியில் உள்ள ஆண்ட்ராய்டின் கருவும் அதுவே. எனினும் கைப்பேசிகள் பலவற்றில் வேறு இயங்குதளத்தை நிறுவ இயலாதபடி பூட்டியிருக்கிறார்கள். கரு திறந்திருந்தால் மட்டும் போதாது. பயன்படுத்துவோர் கையிலும் சாவி இருத்தல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

நம் நாட்டில் கேரள அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே கணினிக் கல்வி அளிக்கின்றன. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு ஆக்கிய பாஸ் என்னும் இயங்குதளம் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் வழங்குகிறது. பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு தனிப்பொருள் உண்டு. மூடிய மென்பொருளில் தமிழ் இடம்பெறுவது உடையவரின் இலாபக் கணக்கைப் பொறுத்தது. கட்டற்ற மென்பொருளிலோ, தமிழறிந்த எவரும் எவருடைய அனுமதியுமின்றி அதனைத் தமிழாக்கலாம். பலர் ஊதியமின்றி அவ்வாறு செய்துள்ளனர்.

விண்டோஸ் பத்தாம் பதிப்புக்கான வழக்கமான பராமரிப்பு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. நம் குடியிருப்பு வீடுகளில் உள்ள பழைய கணிப்பொறிகளைக் கழித்துக்கட்டுமுன், இவ்வழங்கல்களில் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலே இயக்கிப் பார்க்கலாம். பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிடில் வேறொன்றை எடுக்கலாம். தேர்ந்தெடுக்கும் உரிமை எடுத்தாள்வோர்க்கே பயன்படும். நம் பிள்ளைகள், பொறி கட்டளையிட அதற்குக் கீழ்ப்படிவோராக வளராமல், அதன் மூலத்தைப் படித்துத் திருத்த வல்லவராக வளர்தல் வேண்டும் என்பதே நம் விழைவு.