பபூனுக்கு எதிரே நின்றவர்கள்

பங்குனி பிறந்துவிட்டால் புதுக்கோட்டைச் சீமையில் ஊருக்கு ஊர் நாடக மேடை எழும்பும். திருவிழா என்றால் பெரும்பாலும் 'வள்ளி திருமணம்'தான். இரவு பத்து மணி வாக்கில் ஆர்மோனியம் எடுத்தால் விடிய விடிய நடக்கும். முருகனும் வள்ளியும் மேடைக்கு வர நடுச்சாமம் ஆகிவிடும். அதுவரை கூட்டத்தைக் கலையாமல் உட்காரவைப்பது இரண்டு பேர் பொறுப்பு. ஒருவர் பபூன்; இன்னொருவர் அவருக்கு எதிரே ஆடிப் பேசும் 'டான்ஸ்' நடிகை.

இந்த நாடகங்களைத் தந்த சங்கரதாஸ் சுவாமிகளுக்கும் (1867–1922) புதுக்கோட்டைக்கும் உறவு பெரிது. கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையிடம் லய நுணுக்கம் பயின்றவர் அவர். பிள்ளை அவரைத் தம் மகனாகவே பாவித்தார். சுவாமிகளின் பாட்டு அச்சேறியது, பாடமானது. பபூனும் டான்ஸும் பேசியதைத்தான் யாரும் ஏட்டில் ஏற்றவில்லை.

ஸ்பெஷல் நாடகம் எனப்படும் இவற்றில் கம்பெனி கிடையாது, ஒத்திகையும் கிடையாது. கதாநாயகனான ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், நாயகியான ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். டான்ஸ் நடிகை முந்தின இரவு ஆடிய ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து அரிதாரம் பூசுவார். அன்றைக்குப் பபூன் யார் என்பதே சில நேரம் மேடைக்குப் பின்னால்தான் தெரியும்.

பபூனும் டான்ஸும் சந்திக்கும் காட்சியைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். பபூன் ஒரு பக்கத்திலிருந்து பாடிக்கொண்டு வருகிறார். நடிகை மறுபக்கத்திலிருந்து ஆடிக்கொண்டு வருகிறார். நடு மேடையில் இருவரும் மோதிக்கொள்கிறார்கள். தாளக்கருவிகள் வாசிக்கும் ஆல்ரவுண்ட்காரர் தாளத்தட்டில் ஓங்கி ஓர் அடி அடிக்கிறார். யார் மேல் தப்பு? ரோடு யாருக்குச் சொந்தம்? பொம்பளைக்குத் தனியாகத் தெருவில் என்ன வேலை? பபூன் கேட்கக் கேட்கக் கூட்டம் அவர் பக்கம் சாய்கிறது. அந்தக் கூட்டத்தைத் தன் பக்கம் திருப்ப நடிகைக்குக் கிடைப்பது ஒரு நொடி. பதில் பிந்தினால் சிரிப்பு போய்விடும். வரம்பு மீறினால் மானம் போய்விடும். ராஜபார்ட்டின் விருத்தத்துக்கு இணையான வித்தை இது என்பேன்.

இரவில் கைதட்டிய ஊர் பகலில் 'கூத்தாடி' என்று முகம் திருப்பிக்கொண்டது. வசவுக்குப் பயந்து நடிகைகள் அரிதாரத்தைத் துளிகூட மிச்சமில்லாமல் கழுவிவிட்டு, குடும்பப் பெண்ணாகத் தலைகுனிந்து பஸ் ஏறினார்கள். மதுரையில் தங்கி இவர்களோடு பழகிய அமெரிக்க ஆய்வாளர் சூசன் சைசர் இதையெல்லாம் 2005இல் ஆங்கில நூலாக்கினார். நம்மவர் செய்திருக்க வேண்டிய வேலை அது.

மேடையிலிருந்து சினிமாவுக்குப் போனவரும் உண்டு. புதுக்கோட்டை எல்லைக்கு அப்பால் காரைக்குடி பக்கத்துப் பள்ளத்தூரில் கோபிசாந்தா என்ற சிறுமி வறுமையால் படிப்பை விட்டு வீட்டு வேலைக்குப் போனாள். ஊருக்கு வந்த 'அந்தமான் காதலி' நாடகத்தில் பாடக் கூப்பிட்டார்கள். அப்படித்தான் மனோரமா பிறந்தார். 1958இல் கண்ணதாசன் தம் 'மாலையிட்ட மங்கை' படத்தில் நகைச்சுவை வேடம் கொடுத்தார். 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் ஜில் ஜில் ரமாமணி ஆனார். நாடக மேடைக்காரியின் ஆட்டமும் ஆதங்கமும் அந்த வேடத்தில் ஒன்றாய் வந்தன. வாழ்ந்து பார்த்தவருக்கே அது கைகூடும்.

இன்றைக்குப் புதுக்கோட்டை மாவட்டத்தின் பெயரைச் சொல்லிச் சிரிக்க வைப்பவர் அறந்தாங்கி நிஷா. பட்டிமன்றத்திலும் விஜய் டிவியின் 'கலக்கப் போவது யாரு' மேடையிலும் பெயர் எடுத்தவர். தன் நிறம், தன் உடம்பு, தன் வீடு ஆகியவைதான் அவருடைய சரக்கு. பிறர் சொல்லிக் குத்துவதற்கு முன்னால் தானே சொல்லிச் சிரிக்கவைத்துவிடுவார். அவர் ஸ்பெஷல் நாடகத்திலிருந்து வந்தவரல்லர். ஆனாலும் பபூனுக்கு எதிரே நின்ற பெண்களின் சாமர்த்தியம் அவர் பேச்சில் கேட்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப்போட்டபோது, நிவாரணப் பொருளோடு கிராமங்களுக்குப் போய் நின்றதும் இவர்தான்.

நிஷா பேசுவது காணொளியாக நிலைத்துவிடும். அவருக்கு முன்னால் ஆடியவர்களுக்கு மிச்சம் இருப்பவை பழைய நாடக நோட்டீஸ்கள்தாம். வட்டத்துக்குள் ஒரு முகம், கீழே ஊர்ப் பெயர், கலைஞர் பெயர். உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உங்கள் ஊரில் வயதான டான்ஸ் நடிகை இருந்தால், போய் உட்கார்ந்து பேசச் சொல்லி, அவர் சம்மதத்தோடு போனில் பதிவு செய்து வையுங்கள்.