பாரிசவாயுவும் நாலரை மணி நேரமும்

எங்கள் அண்ணா விழுந்தது 1988-ல். பெருங்களத்தூர் வீட்டில் காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து டம்ளர் நழுவியது. வாய் கோணியது, பேச்சு குழறியது. "பாரிசவாயு" என்றார்கள் அக்கம்பக்கத்தார். புறா ரத்தம் தேய்த்தால் கை கால் திரும்பிவிடும் என்று யாரோ சொல்ல, அதற்கு ஓர் ஆள் ஓடினான். "மத்தியானம் வரை பார்ப்போம்" என்று சொன்னவன் நான்தான். சாயங்காலம்தான் வாடகைக் கார் பிடித்துப் பட்டணத்துக்குக் கொண்டுபோனோம். அதன்பின் ஒன்பது வருஷம் இருந்தார். வலது கை மட்டும் திரும்பவே இல்லை. "உடனே போயிருந்தா..." என்று அண்ணி சொல்லும்போதெல்லாம் எனக்குத் தலை குனியும்.

ஓய்வு பெற்றபின் இந்த நோயின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன்.

நம் பக்கத்தில் இதை முதலில் எண்ணிப் பார்த்தவர்களில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் உண்டு. 1970-ல் வெளியான அவர்கள் ஆய்வில், லட்சம் பேரில் சுமார் 57 பேர் பக்கவாதம் வந்தவர்கள்; ஆண்டுக்குப் புதிதாக வருவது 13 பேருக்கு. 2005-ல் திருவனந்தபுரத்தில் ஒரு பதிவேடு வைத்து எண்ணினார்கள். வயது வித்தியாசத்தைச் சரிசெய்து பார்த்தால், ஆண்டுக்கு லட்சத்துக்கு 135 பேர். ஊர் வேறு, எண்ணிய முறை வேறு. இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது. ஆனால் பின்னதில் இருந்த இன்னொரு எண் என்னை உறுத்தியது. நோய் வந்தவர்களில் நூற்றுக்கு 27 பேர் 28 நாளுக்குள் இறந்திருக்கிறார்கள். நகரத்தில் அது சுமார் 25, கிராமத்தில் 37.

மருந்தின் கதை இதற்கு நடுவே வருகிறது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயை அடைக்கும் கட்டியைக் கரைக்க, நம் உடம்பே சுரக்கும் ஒரு புரதத்தை ஆய்வுக்கூடத்தில் தயாரித்தார்கள். அதன் பெயர் ஆல்டிப்ளேஸ். 1995 டிசம்பரில் அமெரிக்காவில் 624 நோயாளிகளிடம் செய்த சோதனையின் முடிவு வெளிவந்தது. நோய் தொடங்கிய 3 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால், ஊனமின்றித் தேறுகிறவர்கள் கூடுகிறார்கள். 1996-ல் அங்கே அனுமதி கிடைத்தது. 2008-ல் ஐரோப்பிய ஆய்வு அந்த அவகாசத்தை நாலரை மணி நேரமாக நீட்டியது.

இதில் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. அந்த 1995 சோதனையில் ஊசி போட்டவர்களில் மூன்று மாதத்தில் இறந்தவர்கள் 17 சதவீதம், போடாதவர்களில் 21. இந்த வித்தியாசம் பெரிதல்ல என்றே மருத்துவர்கள் கணித்தார்கள். ஊசி போட்டவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு மூளைக்குள் ரத்தம் கசிந்து நிலைமை மோசமானது. ஆகவே இது சாவை விரட்டும் மந்திரம் அல்ல. பிழைத்தவர் தன் கையால் சாப்பிட்டு, தன் காலால் நடக்க உதவும் மருந்து. கசிவினால் வந்த பக்கவாதமா, அடைப்பினாலா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் போடவும் முடியாது.

இதையெல்லாம் படித்தபோதுதான் புரிந்தது. 1988-ல் நான் அண்ணாவை உடனே கொண்டுபோயிருந்தாலும் பக்கவாதத்துக்கு அந்த ஊசி போடும் வழக்கம் வந்திருக்கவில்லை. மனசு கொஞ்சம் லேசானது. ஆனால் முழுதாக இல்லை.

2016-ல் மேற்குத் தாம்பரத்தில் எங்கள் பக்கத்து வீட்டம்மா காலை ஆறேகாலுக்குக் கதவைத் தட்டினார். "அவருக்கு வாய் ஒரு பக்கமா இழுக்குது சார், கொஞ்சம் படுக்க வைக்கட்டுமா?" என்றார். "வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டு 108-ஐக் கூப்பிட்டேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் அந்த நேரத்தில் நெரிசல் இல்லை. ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்ப நல்லா இருந்தார்?" ஆறு மணிக்குப் பால் வாங்கி வந்தவர் என்று அந்த அம்மா சொன்னார். எட்டு மணிக்குள் ஊசி போட்டார்கள். இன்று அவர் கைத்தடியோடு மார்க்கெட்டுக்குப் போய் வருகிறார்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். முகம் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் உடனே கடிகாரத்தைப் பாருங்கள். தூங்கி எழும்போதே அப்படி இருந்தால், முந்தின ராத்திரி எப்போது நன்றாக இருந்தார் என்பதிலிருந்து கணக்கு. இரவு பகல் எந்நேரமும் ஸ்கேன் எடுக்கும் ஆஸ்பத்திரி உங்கள் பேட்டைக்குப் பக்கத்தில் எது என்று இன்றே விசாரித்து, பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். "மத்தியானம் வரை பார்ப்போம்" என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.